மிளகாய் இலை மேலே சுருண்டதா, கீழே மடங்கியதா?

கேள்வி: மொட்டை மாடியில் 12 பைகளில் மிளகாய் வைத்திருக்கிறேன். ஒரு மாதத்துக்கு முன் கொழுந்து இலைகளின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டது. உரக்கடையில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து, வளர்ச்சி டானிக், ‘ஆர்கானிக்’ என்று ஒரு பாட்டில், மூன்றையும் கொடுத்தார்கள். மாற்றி மாற்றி அடித்தேன். கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. இப்போது ஏழு செடிகளில் இலை கீழ்நோக்கி மடங்குகிறது. ஒரு செடி மட்டும் மஞ்சளாகிப் புதர் மாதிரி நிற்கிறது. எல்லாமே வைரஸ், பிடுங்கி எறியுங்கள் என்கிறார் கடைக்காரர். பிடுங்கிவிடலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: அந்தப் புதர்ச் செடியை மட்டும் பிடுங்குங்கள். மற்ற ஏழையும் பிடுங்காதீர்கள்.

உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. முதலில் மேல்நோக்கிச் சுருண்டது, மருந்து அடித்த பிறகு கீழ்நோக்கி மடங்கியது என்கிறீர்கள். இவை இரண்டும் வேறு வேறு ஆட்களின் வேலை. இலை ஓரம் மேலே எழும்பிப் படகு மாதிரி ஆனால் பெரும்பாலும் இலைப்பேன். அதே படகைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி கீழே மடங்கி, காம்பு மட்டும் எலிவால் போல நீண்டு, இலை குறுகிக் கரும்பச்சையாக இருந்தால் மஞ்சள் சிலந்தி; வலை பின்னும் சிலந்தி இல்லை, கண்ணுக்கு எளிதில் தெரியாத மிகச் சிறிய உயிர். நம் ஊரில் முரணை என்று சொல்வது இதைத்தான்.

இலைப்பேனைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்துக்குக் கீழே பிடித்து, விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். வைக்கோல் நிறத்தில் மெல்லிய கீற்றுகள் விழும். தூசி என்று நினைப்பீர்கள், கொஞ்ச நேரத்தில் ஒன்று நடக்க ஆரம்பிக்கும். சிலந்தி அப்படி அகப்படாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துக் கொழுந்தின் அடிப்பக்கம் பார்த்தால்தான் உண்டு.

அந்தக் கடையில் உங்களுக்கு நடந்தது இதுதான். இமிடாகுளோபிரிட் இலைப்பேனை அடக்கும். ஆனால் சிலந்தி எட்டுக்கால் இனம், பூச்சியே இல்லை. இந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. அதைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்துப்போவதால் சிலந்தி பெருகவும் செய்யும். டானிக் ஊற்றி இளங்கொழுந்தையும் தள்ளிவிட்டீர்கள். அதற்கு விருந்து வைத்த மாதிரிதான்.

அந்த ‘ஆர்கானிக்’ பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே என்ன, எத்தனை சதவீதம், பதிவு எண், தயாரித்தவர் முகவரி, காலாவதி தேதி எல்லாம் இருக்கிறதா? வெறும் இலைப் படமும் ‘எல்லாப் பூச்சிக்கும் ஒரே தீர்வு’ என்ற வரியும்தான் இருந்தால் சமையலுக்குப் பறிக்கும் செடியில் அதை அடிக்காதீர்கள். மூலிகை என்ற பெயரில் ரசாயன மருந்தைக் கலந்து விற்கும் பாட்டில்கள் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. மருந்து வாங்கினால் பில் கேளுங்கள். பில் தர மறுக்கும் கடைக்கு மறுபடி போகாதீர்கள். டப்பாவில் ஒரு சாய்சதுரம் இருக்கும்; அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கடும் விஷம், வீட்டு மாடிக்கு அது ஆகாது. மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து காய்கறிக்குக் கூடாது என்று 2005-லேயே தடை வந்தும், ‘கொஞ்சமா அடிங்க, ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லி விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைக்காரரை மட்டும் திட்டியும் பயனில்லை. மாடித்தோட்டத்துக்கு மானியத்தில் பையும் விதையும் தென்னைநார்க் கழிவும் கொடுக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், அத்தோடு சரி. ஆறு வாரம் கழித்து இலை சுருண்டால் வந்து பார்க்க ஆள் கிடையாது. அப்புறம் மருந்து விற்பவரே வைத்தியரும் ஆகிவிடுகிறார்.

சரி, பிடுங்கும் விஷயத்துக்கு வருவோம். வைரஸுக்கு மருந்தே கிடையாது; கிடையவே கிடையாது. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ் வந்த செடியில் இலை சிறுத்து, நரம்புக்கு நடுவே மஞ்சளித்து, கணுக்கள் நெருங்கிக் கொத்தாக நிற்கும். பூ பிடிக்காது. உங்கள் புதர்ச் செடி அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு விதிவிலக்கு, இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியாக வேண்டும். சிலந்தி நுனிக்கொழுந்தைக் கடித்த செடியும் பார்க்க வைரஸ் மாதிரியே குறுகி நிற்கும். நல்ல செடியை இப்படிப் பிடுங்கிப் போட்டவர்கள் ஏராளம். வித்தியாசம் அடிப்பக்கத்தில் தெரியும். சிலந்தி என்றால் இளம் இலையின் அடியில் செம்புநிறப் பளபளப்பு இருக்கும், தொட்டால் விறைப்பாக இருக்கும். வைரஸில் அது இருக்காது. சந்தேகமாக இருந்தால் அந்தப் பையை மட்டும் தள்ளி வைத்து, நுனியைக் கிள்ளிவிட்டு, சிலந்திக்கான மருந்தை அடித்து மூன்று வாரம் பாருங்கள். சுருண்ட பழைய இலை மறுபடி விரியாது, அதைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். புதுத் தளிர் நேராக வந்தால் செடி பிழைத்தது.

ஏழு செடிகளுக்கும் நுனியைக் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். சிலந்திக்கு மருந்து நனையும் கந்தகத் தூள்; அதை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். முதலில் ஒரே செடியில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். கத்திரி வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். எண்ணெயும் கந்தகமும் சேர்ந்தாலும் கருகும்தான். ஏற்கெனவே அடித்த மருந்துகளின் லேபிளில் காத்திருப்பு நாள் போட்டிருக்கும், அது முடியும் வரை காயைப் பறிக்காதீர்கள். அந்த டானிக்கை மூடி வைத்துவிடுங்கள்.

புதர்ச் செடியை விடியற்காலையில், தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டிய பிறகு பிடுங்குங்கள். இல்லாவிட்டால் ஆட்டியதும் வெள்ளை ஈ பறந்து பக்கத்துச் செடியில் உட்காரும்.

அடுத்த முறை போட்டோ அனுப்பும்போது இலையின் அடிப்பக்கத்தை எடுத்து அனுப்புங்கள். எல்லோரும் மேல்பக்கத்தைத்தான் எடுக்கிறார்கள்.