குளத்தில் 2 கிலோமீட்டர் நீந்துபவர் ஏரியில் முதல் போட்டிக்குப் போனால் என்ன நடக்கும்?

கேள்வி: நீச்சல் குளத்தில் நிற்காமல் 2 கிலோமீட்டர் நீந்துகிறேன். அடுத்த மாதம் ஓர் ஏரியில் நடக்கும் 1.5 கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். உங்கள் முதல் போட்டி எப்படி இருந்தது? நான் எதற்குத் தயாராக வேண்டும்?

பதில்:

நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். குளத்தில் 2 கிலோமீட்டர் போகிறவனுக்கு 1.5 கிலோமீட்டர் எம்மாத்திரம் என்று முன்வரிசையில் போய் நின்றேன். அந்தத் தெம்பு ஏறக்குறைய 150 மீட்டர் வரை தாங்கியது.

விசில் ஊதியதும் சுற்றிலும் கையும் காலும்தான். ஒருவர் என் தோள்மேல் ஏறிப் போனார், இன்னொருவரின் குதிகால் என் நீச்சல் கண்ணாடியில் இடித்தது. நீருக்குள் முகத்தை வைத்தால் பச்சை கலந்த இருட்டு. என் விரல் நுனியே தெரியவில்லை. குளத்தில் அடியில் ஓடும் அந்தக் கறுப்புக் கோட்டை எவ்வளவு நம்பி வாழ்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. மூச்சு இரைத்தது, நெஞ்சு இறுகியது. 'இது நமக்கு ஒத்துவராது' என்று மனம் தீர்ப்பே எழுதிவிட்டது. பயிற்சிக் குறைவு என்று அப்போது நினைத்தேன். அது தவறு. எனக்கு உடல் வலு போதுமான அளவு இருந்தது, மூச்சுதான் கெட்டுப்போயிருந்தது.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் முதல் போட்டியில் பலரையும் கரைக்குத் திருப்பி அனுப்புவது இதுதான். காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். தோல் திடீரென்று குளிர்ந்தால், நாம் கேட்காமலேயே உடல் மூச்சை வெடுக்கென்று உள்ளிழுக்கும். பிறகு வேகவேகமாக இரைக்கும். முதல் நிமிடத்தில் உச்சத்தில் இருக்கும் இந்த இரைப்பு, இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே தணியும். அந்தச் சில நிமிடங்களில் நீங்கள் முழு வேகத்தில் கை வீசிக்கொண்டிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். போதாக்குறைக்கு, பயந்தவர் நீருக்குள் மூச்சை வெளியே விட மறந்துவிடுவார். கரியமில வாயு உள்ளே தேங்கத் தேங்க, 'காற்று போதவில்லை' என்ற உணர்வுதான் கூடும். எவ்வளவு இழுத்தாலும் போதாது, ஏனென்றால் பழைய காற்று இன்னும் வெளியே போகவில்லை.

ஆகவே போட்டி தொடங்குவதற்கு முன்பே நீரில் இறங்கிவிடுங்கள். அதற்கு அனுமதி இல்லையென்றால் முகத்திலும் பிடரியிலும் நீரை அள்ளி அடித்துக்கொள்ளுங்கள். முகத்தை அமிழ்த்தி, குமிழி வரும்படி நீளமாக ஊதுங்கள். விசில் ஊதியதும் பின்வரிசையில், ஓர் ஓரமாக, பத்து நொடி தாமதித்துக் கிளம்புங்கள். அந்தப் பத்து நொடியால் உங்கள் பரிசு யாருக்கும் போய்விடாது.

நான் என்ன செய்தேன்? மல்லாந்து படுத்துவிட்டேன். வானத்தைப் பார்த்தபடி கிடந்தபோது ஒரு பாதுகாப்புக் கயாக், அதாவது குறுகலான சிறு துடுப்புப் படகு, பக்கத்தில் வந்தது. துடுப்புப் போட்ட பெண், "பிடித்துக்கொள்ளுங்கள் சார், அவசரமே இல்லை" என்றார். பிடித்தால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று நினைத்துத் தயங்கினேன். பொதுமக்களுக்கான பல போட்டிகளில், படகு உங்களை முன்னே இழுத்துச் செல்லாதவரை பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம். போட்டிக்கு முன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் அந்தக் கூட்டத்தில் போட்டி நேரத்தைப் பதிவதற்காகக் காலில் கட்டிய பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

ஒரு நிமிடத்தில் மூச்சு ஒழுங்குக்கு வந்தது. அதன்பின் சிக்கல் திசை. கண்ணை மூடிக்கொண்டு நேராக நீந்துகிறவர் அரிது. நாளைக்கே குளத்தில், லேன் காலியாக இருக்கும்போது, எட்டுக் கைவீச்சுக்குக் கண்களை மூடிப் பாருங்கள். எந்தப் பக்கக் கயிற்றில் முட்டுகிறீர்களோ அதுதான் உங்கள் நோய். என் வலது கைக்கு அதிகாரம் கொஞ்சம் கூடுதல் என்பதால் நான் இடப்பக்கம் சாய்வேன். மருந்து, முதலையைப் போலக் கண்களை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்து முன்னே பார்ப்பது. பார்த்தவுடன் தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சை எடுக்க வேண்டும். முழுத்தலையையும் தூக்கினால் இடுப்பு அமிழ்ந்து, வேகம் செத்துவிடும். சிற்றலை இருந்தால் வழிகாட்ட நீரில் கட்டியிருக்கும் மிதவை பாதி நேரம் கண்ணில் படாது. எனவே அதற்கு நேர் பின்னே கரையில் இருக்கும் ஓர் உயரமான மரத்தையோ கட்டடத்தையோ முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் போகிறவரின் பாதத்தை ஒட்டி நீந்தினால் உழைப்பு நன்றாகவே மிச்சமாகும். விதிப்படி அதில் தவறும் இல்லை. நான் ஒரு மஞ்சள் தொப்பிக்காரரைப் பிடித்துக்கொண்டு சுகமாகப் போனேன். அவர் வேறொரு தூரத்துக்கான மிதவையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார் என்பது தாமதமாகத்தான் தெரிந்தது. அடுத்தவர் பாதத்தை நம்பலாம், ஆனால் அவருக்காகவும் நீங்களே பார்க்க வேண்டும்.

இடிபடுவதைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலிருந்து நடக்கும் 10 கிலோமீட்டர் திறந்த நீர் நீச்சல் போட்டியிலேயே உலகின் தலைசிறந்தவர்கள் தோளோடு தோள் உரசித்தான் போகிறார்கள். வேண்டுமென்றே தடுப்பவர்களுக்கு மஞ்சள் கொடி, சிவப்புக் கொடி காட்ட நடுவர்கள் படகில் வருகிறார்கள். உங்கள்மேல் விழும் கை பெரும்பாலும் கண் தெரியாமல் விழுவதுதான்.

குளத்து 2 கிலோமீட்டரையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். 25 மீட்டர் குளத்தில் 1,500 மீட்டர் என்றால் 59 முறை சுவரை உதைக்கிறீர்கள். ஒவ்வொரு உதையும் சில மீட்டர் இலவசம், கூடவே ஒரு நொடி ஓய்வு. ஏரியில் சுவர் கிடையாது. இந்த மாதம் சில நாட்களாவது சுவரைத் தொடாமல் அதற்கு முன்பே திரும்பிப் பழகுங்கள். நண்பர்கள் இருவரை அதே லேனில் சேர்த்துக்கொண்டு முட்டி மோதி நீந்துங்கள். போட்டிக்கு முன் ஒருமுறையாவது திறந்த நீரில் நீந்திவிட வேண்டும். தனியாக வேண்டவே வேண்டாம். துணையும் பளிச்சென்ற நிறத்தில் தொப்பியும் இல்லாமல் இறங்காதீர்கள்.

பொருட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்ணாடியின் பட்டைக்கு மேல் தொப்பியைப் போட்டால் இடிபட்டாலும் கழன்று போகாது. கழுத்திலும் அக்குளிலும் வாஸலின் தடவுங்கள், ஆனால் கண்ணாடியை மாட்டிய பிறகு. நான் தடவிய விரலோடு கண்ணாடியைத் தொட்டு, ஏரி முழுவதையும் பனிமூட்டத்தில் பார்த்தேன். குளிர் நீர் என்றால், உடலோடு ஒட்டிய ரப்பர் உடையான வெட்சூட் மிதக்க உதவும், ஆனால் மார்பை இறுக்கும். அதைப் போட்டி நாளில் முதன்முதலாக அணியாதீர்கள். சர்வதேசப் போட்டிகளில் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது கட்டாயம், 20 டிகிரியும் அதற்கு மேலும் அனுமதியில்லை. உங்கள் போட்டியின் விதி வேறாக இருக்கலாம்.

கடைசி மிதவையைத் தாண்டியதும் கரை பக்கத்தில் வந்துவிட்டதாகத் தோன்றும், நம்பாதீர்கள். கை தரையில் தட்டும்வரை நீந்த வேண்டும். நான் இடுப்பளவு நீரிலேயே எழுந்து நின்றேன். இவ்வளவு நேரம் படுத்தே வந்த உடம்பு சட்டென்று நிமிர்ந்ததில் தலை சுற்றியது, கால்கள் சேற்றில் முழங்கால்வரை இறங்கின. ஒவ்வொரு காலாகப் பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் மூன்று பேர் என்னைக் கடந்து நீந்திப் போனார்கள். அவர்களில் ஒருவர் அந்த மஞ்சள் தொப்பிக்காரர். குளத்தில் 34 நிமிடத்தில் முடிக்கும் தூரத்துக்கு அன்று எனக்கு 46 நிமிடம் ஆனது. கைக்கடிகாரம் 1,790 மீட்டர் என்று காட்டியது.