பொது ஆங்கிலத்தில் ஏ எடுத்த பிள்ளைக்கு ஏன் சட்டப் படிப்பு?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் கலைப்பிரிவில் ஏ.எல்., அதாவது உயர்தரப் பரீட்சை, எடுத்து மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கிற இசட் புள்ளி காணாது. லண்டனில் இருக்கிற பெரியப்பா, "கொழும்பில் தனியார் கம்பஸில் லோ படிக்கட்டும், நானும் கொஞ்சம் காசு அனுப்புறன்" என்கிறார். மிச்சத்துக்குக் காணியை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், இந்தப் பெறுபேற்றோடு பிள்ளையின் வாழ்க்கை ஒன்றும் முடிந்துவிடவில்லை.

ஆறுதல் அவ்வளவுதான். காணியை விற்காதீர்கள். பெரியப்பா முதல் தவணைக்கு உதவுவார் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு வருகிற தவணை, அறை வாடகை, சாப்பாடு, பரீட்சைக் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். வெளிநாட்டுப் பட்டமென்றால் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பவுண்ஸிலும் கேட்பார்கள். 2022 இல் ரூபாய் விழுந்த விழுகை உங்களுக்கு மறந்திருக்காது. இவ்வளவும் கட்டிப் பட்டம் எடுத்தாலும், இங்கே சட்டத்தரணியாக வேண்டுமென்றால் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளும் எழுத வேண்டும். இதைப் பெரியப்பா சொன்னாரா?

அதைவிட எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. நீண்ட கடிதத்தில் மகள் என்ன படிக்க விரும்புகிறாள் என்று ஒரு வரி இல்லை. அவளைப் பற்றி இருப்பது இரண்டே விஷயம், இரண்டும் குறையாக. "பொது ஆங்கிலத்தில் ஏ, ஆனால் அது இசட் புள்ளிக்குக் கணக்கில்லைத்தானே." "எந்நேரமும் போனில் இங்கிலிஷில் கதை எழுதிக்கொண்டிருக்கிறாள்." அம்மா, நான் தேடியதே இந்த இரண்டையும்தான்.

அவள் அந்தக் கம்பஸுக்கு எழுதிய மின்னஞ்சலையும் இணைத்திருந்தீர்கள். "ஹாய், ஜஸ்ட் வோன்டட் டு நோ அபவுட் யுவர் கோர்ஸ். கான்ட் ஃபைண்ட் த ஃபீஸ் எனிவெயர். கேன் யூ சென்ட் தெம் அசாப்? தாங்ஸ்!" பெரியப்பா இதைப் பார்த்துவிட்டு "பிள்ளைக்கு இங்கிலிஷ் சரியில்லை, ஸ்போக்கன் கிளாஸுக்கு விடுங்கோ" என்றாராம். பிழையான வைத்தியம். அவளுக்குப் பேச்சு ஆங்கிலம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. தோழிக்கு எழுதியிருந்தால் இந்த மின்னஞ்சலில் ஓர் எழுத்தையும் மாற்றத் தேவையில்லை. அலுவலகத்துக்குப் போனதுதான் சிக்கல். 'ஐ' என்ற எழுவாயை விழுத்திவிட்டாள். 'கான்ட்' என்று சுருக்கினாள். 'ஹாய்' என்று தொடங்கினாள். 'அசாப்' என்று அவசரப்படுத்தினாள். அலுவலகத்துக்கு என்றால் "டியர் சேர் ஓர் மடம்" என்று தொடங்கி, "ஐ ஆம் ரைட்டிங் டு இன்குவயர் அபவுட்" என்று வந்த காரணத்தைச் சொல்லி, "ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் சென்ட் மீ த டீட்டெய்ல்ஸ்" என்று கேட்டு, "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி" என்று முடித்திருக்க வேண்டும். பெயர் தெரிந்த ஒருவருக்கு எழுதினால் அந்த முடிவு "யுவர்ஸ் சின்சியர்லி" ஆகிவிடும்.

நம் பிள்ளைகளில் இன்னொரு வகையும் உண்டு. "ரெஸ்பெக்டட் சேர், ஐ பெக் டு இன்ஃபோம் யூ" என்று பழைய கச்சேரிக் கடிதம்போல நண்பனுக்கும் எழுதும். ரியூசன் கொப்பியில் இருந்து வந்த வியாதி அது. கடினமான சொல்லை அடுக்குவது முறைசார் எழுத்து அல்ல. இவளுக்கு அந்த வியாதி இல்லாதது நல்லது. வீட்டில் "சொல்லுறன்" என்றும் பரீட்சைத் தாளில் "கூறுகிறேன்" என்றும் மாறத் தெரிந்த பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் 'கெட்' எங்கே, 'ரிசீவ்' எங்கே என்று பிரிக்கப் பழகுவது பெரிய வேலை இல்லை.

சரி, எங்கே பழகுவது? யாழ்ப்பாணம் குருநகர் கடற்கரை வீதியில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் இருக்கிறது. சனம் ஏ.ரி.ஐ. என்று சொல்லும். கணக்கியல், ஐ.ரி. என்று பிள்ளைகள் போவது எல்லோருக்கும் தெரியும். அங்கே ஆங்கிலத்துக்கும் உயர் தேசிய டிப்ளோமா, அதாவது எச்.என்.டி.ஈ., இருப்பதைக் கேட்டால் பலர் முழிப்பார்கள். அரசாங்கப் படிப்பு. முழுநேரமாகப் படித்தால் இலவசம், கட்டணம் பகுதிநேரத்துக்குத்தான். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கும் இதற்கும் தொடர்பில்லை, விண்ணப்பம் தனியாகக் கோருவார்கள். இலக்கணம், மொழியியல், வாசிப்பு, எழுத்து, இலக்கியம், கற்பித்தல் முறை எல்லாம் ஆங்கிலத்திலேயே நடக்கும். ஒப்படை எழுதி எழுதியே அந்த 'அசாப்' தானாக விழுந்துவிடும். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம், மத்தியானம் உங்கள் சாப்பாடு.

பிறகு வேலை? எச்.என்.டி.ஈ. முடித்தவர்களை அரசாங்கம் ஆங்கில ஆசிரியர்களாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் நியமனம் ஒவ்வொரு வருடமும் வரும் என்று நம்பி வீட்டில் இருக்க விடாதீர்கள். தொண்டு நிறுவனங்களின் அறிக்கை, ஹோட்டல், வங்கி, மொழிபெயர்ப்பு என்று வழிகள் உண்டு. வெளிநாட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் அனுப்பாத வீடு யாழ்ப்பாணத்தில் எத்தனை? அதையெல்லாம் யாரோ ஒருவர் சுத்தமான ஆங்கிலத்தில் எழுதித்தானே கொடுக்கிறார். பட்டம் வேண்டுமென்றால் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் கொக்குவிலில் இருக்கிறது, வேலை செய்துகொண்டே படிக்கலாம். அப்புறம் என்றாவது வெளியே போக நினைத்தாலும் இது வீணில்லை. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையின் பொதுப் பயிற்சிப் பிரிவில், எழுத்துப் பரீட்சையின் முதல் கேள்வியே குறைந்தது 150 சொல்லில் ஒரு கடிதம். நண்பனுக்கா, மனேஜருக்கா என்று பார்த்துத் தொனியை மாற்றாவிட்டால் புள்ளி குறையும்.

அதுவரை அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். பொது நூலகத்தில் எடுத்த புத்தகம் மழையில் நனைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளட்டும். அதை ஒன்றுவிட்ட அக்காவுக்கு ஒரு கடிதமாகவும், நூலகருக்கு இன்னொரு கடிதமாகவும் எழுதட்டும். என்னைப் பார்க்க வரும்போது இரண்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அக்காவுக்கு எழுதியதையும் நான் அதே அளவு கவனமாகப் படிப்பேன், அதில் உயிர் போய்விடக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது, அவளின் ஓ.எல்., ஏ.எல். சான்றிதழ்களை ஒன்றாக எடுத்து வைப்பதும், ஏ.ரி.ஐ. அறிவித்தல் வந்ததும் தகைமை நிபந்தனையை வரிக்கு வரி வாசிப்பதும். கம்பஸ்காரர் முற்பணம் கேட்டுக் கோல் எடுத்தால், அவர்கள் கொடுக்கும் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டு எழுதுவது மகளாகவே இருக்கட்டும், இந்த முறை 'ஹாய்' இல்லாமல்.