பக்கம் மாறியது, முகவரி மாறவில்லையே?

கேள்வி: எங்கள் கண்டாங்கிச் சேலைக் கடைக்காக ஜாவா சர்வ்லெட்டில் (சர்வரில் இயங்கி, பிரவுசரின் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) வலைத்தளம் அமைத்து வருகிறேன். ஆர்டர் படிவத்தை அனுப்பியதும் நன்றிப் பக்கம் வருகிறது. ஆனால் பிரவுசரின் முகவரிப் பட்டையில், ஆர்டரைப் பதிவுசெய்யும் சர்வ்லெட்டின் முகவரியே நிற்கிறது. அப்பக்கத்தின் படங்களும் தெரிவதில்லை. ரீஃப்ரெஷ் செய்த ஒரு வாடிக்கையாளரின் பெயரில் ஒரே சேலைக்கு இரண்டு ஆர்டர்கள் பதிவாகிவிட்டன. எதைத் திருத்த வேண்டும்?
– வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் நிரல் ‘ஃபார்வர்டு’ முறையைப் பயன்படுத்துகிறது. உங்கள் ஊர் வீடுகளில் முகப்பில் அமர்ந்திருக்கும் விருந்தாளிக்குக் காபி வரும். அது இரண்டாம் கட்டைக் கடந்து வந்ததா, மூன்றாம் கட்டிலிருந்து வந்ததா என்பது அவருக்குத் தெரியாது. அதுபோலவே, ஃபார்வர்டில் ஒரு சர்வ்லெட் வேலையை இன்னொரு பக்கத்திடம் ஒப்படைப்பது முழுவதும் சர்வருக்குள்ளேயே நடந்து முடிவதால், தான் கேட்ட முகவரியிலிருந்தே பதில் வந்ததாகப் பிரவுசர் எடுத்துக்கொள்கிறது. படங்களின் பாதையையும் அந்தப் பழைய முகவரியை வைத்தே கணக்கிடுவதால்தான் அவை கிடைக்காமல் போகின்றன. பாதைகளைத் தளத்தின் வேரிலிருந்து தொடங்கும்படி எழுதினால் இது தீரும்.

இரட்டை ஆர்டர்தான் பெரிய கவலை, ஏனெனில் அதில் பிறர் பணம் இருக்கிறது. ரீஃப்ரெஷ் செய்தால் பிரவுசர் தன் கடைசிக் கோரிக்கையை, அதாவது படிவத்தோடு சென்ற ‘போஸ்ட்’ கோரிக்கையை, மீண்டும் அனுப்பும். ஆகவே ஆர்டரைப் பதிவுசெய்தவுடன் ‘ரீடைரக்ட்’ செய்யுங்கள். அப்போது சர்வர் ‘வேறு முகவரிக்குப் போ’ என்று சொல்லும் 303 என்ற நிலை எண்ணோடு நன்றிப் பக்கத்தின் முகவரியைத் திருப்பி அனுப்ப, பிரவுசரே அதை ‘கெட்’ கோரிக்கையாக, அதாவது பக்கத்தை மட்டும் கேட்கும் கோரிக்கையாக, புதிதாகக் கேட்கும். பட்டையில் முகவரியும் மாறும், அதற்குப் பிறகு எத்தனை முறை ரீஃப்ரெஷ் செய்தாலும் நன்றிப் பக்கம் மட்டுமே திரும்ப வரும். சர்வ்லெட்டில் ரீடைரக்ட் செய்யும் ‘சென்ட்ரீடைரக்ட்’ கட்டளை வழக்கமாக 302 அனுப்பும். நடைமுறையில் பிரவுசர்கள் அதையும் இப்படியே கையாளுகின்றன. 307 மட்டும் இங்கே வேண்டாம், அது போஸ்ட் கோரிக்கையையே புதிய முகவரிக்கும் கொண்டுசெல்லும்.

ரீடைரக்டில் கோரிக்கை புதிதாகிவிடுவதால், பழைய கோரிக்கையில் நீங்கள் வைத்த தகவல்கள் நன்றிப் பக்கத்துக்கு வந்து சேரா. ஆர்டர் எண்ணை செஷனில் (ஒரே வாடிக்கையாளரின் அடுத்தடுத்த கோரிக்கைகளுக்காக சர்வர் நினைவில் வைக்கும் இடம்) வைத்து, காட்டியபின் நீக்கிவிடுங்கள். ஃபார்வர்டையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தொலைபேசி எண் தவறாக இருக்கும்போது, நிரப்பிய விவரங்கள் அழியாமல் படிவத்தை மீண்டும் காட்டுவதற்கு அதுவே பொருத்தமானது.

பொத்தானை அவசரத்தில் இருமுறை அழுத்துவதை ரீடைரக்ட் தடுக்காது. அதற்குப் படிவம் ஒவ்வொன்றிலும் ஒருமுறை மட்டுமே செல்லுபடியாகும் மறை எண் ஒன்றைச் சேர்த்து, பதிவுக்கு முன் சர்வரில் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.