இலைக்கு அடியில ஓடுற மைட் எது? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பீன்ஸ் இலைக்கு அடியில பொடிப்பொடியா ஏதோ நகருது. செடியைக் கெடுக்குற சிலந்திப்பேன் எது, அதைப் பிடிச்சு சாப்பிடுற மைட் எதுன்னு எப்படி பிரிக்கறது?

பதில்: மருந்து அடிக்கறதுக்கு முன்னாடி கேட்டீங்களே, ரொம்ப சந்தோஷம். மைட்ங்கறது சிலந்திக்குச் சொந்தமான, எட்டு காலுள்ள பொடி உயிரினம், சிலந்திப்பேனும் அதுல ஒரு வகைதான். ரெண்டையும் பிரிக்க ஒரு 10 மடங்கு கை லென்ஸ் போதும். இலையைத் திருப்பி வச்சு ஒரு நிமிஷம் சும்மா பாருங்க. சிலந்திப்பேன் நூலாம்படைக்குள்ள மெதுவா ஊர்ந்துட்டு, பாதி நேரம் ஒரே இடத்துல உக்காந்து சாறு உறிஞ்சிட்டு இருக்கும், ரெண்டு பக்கமும் கருப்பு புள்ளி தெரியலாம். இரைபிடிக்கிற ஃபைட்டோசீயிட் குடும்பத்து மைட் அப்படி இல்ல, பேரிக்காய் வடிவத்துல பளபளன்னு, காலெல்லாம் நீளமா, நரம்பை ஒட்டி விறுவிறுன்னு ஓடும், முன்னங்கால் ரெண்டையும் தூக்கித் தடவிக்கிட்டே போகும். முட்டையையும் பாருங்க. சிலந்திப்பேன் முட்டை உருண்டை, இதோடது நீள்வட்டம், சைஸும் பெருசு. நரம்பு பிரியற இடத்துல முடி இருந்தா அங்கதான் இது ஒளிஞ்சிருக்கும், முதல்ல அங்க தேடுங்க.

கேள்வி: ஆரஞ்சு கலர்ல இருந்தா இரைபிடிக்கிற பெர்சிமிலிஸ் இனம்தானே சார்?

பதில்: கலரை நம்பாதீங்க. ஃபைட்டோசீயுலஸ் பெர்சிமிலிஸ் ஆரஞ்சு சிவப்புதான், ஆனா வெளிர் நிறமா இருக்குற வேற இனங்களும் சிவப்பா ஏதாவது சாப்பிட்டா வயித்துக்குள்ள அந்தக் கலர் அப்படியே தெரியும். இன்னொன்னு, குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கப் போற ரெண்டு புள்ளி சிலந்திப்பேனோட பெண்ணும் ஆரஞ்சாயிடும். கலரை மட்டும் வச்சு முடிவு பண்ணினா எதிரியை நண்பன்னு விட்டுடுவீங்க.

கேள்வி: எனக்கு கிடைச்சதுக்கு ஆறு கால்தான் இருக்கு, அப்போ பூச்சியா?

பதில்: இல்லைங்க, அது மைட்டோட குட்டிதான். முட்டையில இருந்து வர்றப்போ ஆறு கால், அடுத்த பருவத்துல எட்டு.

கேள்வி: போட்டோ அனுப்பினா இனத்தோட பேர் சொல்ல முடியுமா?

பதில்: முடியாதுங்க. குடும்பம் வரைக்கும் சொல்லலாம், இனம் சொல்ல வளர்ந்த பெண் மைட் ஸ்லைடுல வேணும். மொத்த உடம்பே அரை மில்லிமீட்டருக்குள்ளதான், ஸ்விர்ஸ்கி, குக்குமெரிஸ்னு இரைபிடிக்கிற ரெண்டு இனமும் லென்ஸ்ல ஒண்ணு போலவே இருக்கும். மைக்ரோஸ்கோப்ல பாக்க வேண்டியது முதுகுத் தகட்டுல எத்தனை ஜோடி ரோமம், எது எவ்வளவு நீளம், அடிவயித்துத் தகடு என்ன வடிவம், தாடையில எத்தனை பல், நாலாவது ஜோடி கால்ல நீட்டிட்டு நிக்குற பெரிய ரோமம், எல்லாத்துக்கும் மேல விந்துப்பையோட வடிவம். கிண்ணம் மாதிரியா குழாய் மாதிரியாங்கறதுலயே பாதி குழப்பம் தீர்ந்துடும், ரொம்ப பேர் அதைத்தான் பாக்காம விடறாங்க.

கேள்வி: ஸ்லைடு எப்படி போடறது?

பதில்: பிடிச்சதை 70 சதவீத ஆல்கஹால்ல போடுங்க. அப்புறம் லாக்டிக் ஆசிட்ல கண்ணாடி மாதிரி தெளியற வரைக்கும் வச்சு, ஸ்லைடுல மைட்டைப் பதிக்கற ஹோயர் கரைசல்ல முதுகு மேல இருக்குற மாதிரி படுக்க வச்சு கவர் ஸ்லிப் மூடி, 45 டிகிரி சூட்டுல ஒரு வாரம் காய விடுங்க. ஹோயர்ல குளோரல் ஹைட்ரேட் இருக்கு, அது விஷம், கிளவுஸ் இல்லாம தொடாதீங்க. எந்தச் செடி, எந்த ஊர், என்ன தேதின்னு அன்னைக்கே லேபிள் ஒட்டிடுங்க, அது இல்லாத ஸ்லைடு எவ்வளவு அழகா இருந்தாலும் ஆராய்ச்சிக்கு உதவாது.

கேள்வி: எந்த விளக்கத்தோடயும் ஒத்துப் போகல, புது இனமா இருக்குமோ?

பதில்: இருக்கலாம், ஆனா அவசரப்படாதீங்க. ஃபைட்டோசீயிட் குடும்பத்துல 2,000 இனங்களுக்கு மேல ஏற்கனவே பேர் வச்சாச்சு, பக்கத்து இனங்களோட மூல விளக்கத்தை எல்லாம் எடுத்து ஒப்பிடணும். ஒரே ஒரு மைட்டை வச்சு எழுதாதீங்க, ரோம நீளம் ஆளுக்கு ஆள் மாறும், பல பெண்களை அளந்து குறைஞ்சது கூடினது ரெண்டையும் மைக்ரோமீட்டர்ல குடுங்க. ஆண் கிடைச்சா அதையும் வரைஞ்சு சேருங்க. அப்புறம் ஒரு ஸ்லைடை ஹோலோடைப்னு, அதாவது அந்த இனத்தோட பேருக்கு அடையாளமான ஒரே மாதிரின்னு குறிச்சு, யாரும் போய்ப் பாக்கக்கூடிய அருங்காட்சியகத்துல வைங்க. நாளைக்கு உங்க விளக்கத்துல சந்தேகம் வர்றவர் அந்த ஸ்லைடைத்தான் தேடி வருவார்.