நியூட்ரான் விண்மீன் தன் துணையின் காற்றை ஏன் மொத்தமாக விழுங்குவதில்லை?

நியூட்ரான் விண்மீன் என்பது வெடித்துப்போன பெரிய விண்மீனின் மிச்சம், மிகச் சிறியது, மிக அடர்ந்தது. அதன் ஈர்ப்பு அவ்வளவு பயங்கரம் என்கிறார்களே, பிறகு ஏன் பக்கத்து விண்மீனின் காற்று, அதாவது அதன் மேற்பரப்பிலிருந்து வீசும் வாயு, தப்பித்துப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஈர்ப்பை மட்டும் பார்த்தால் போதாது, காற்றின் வேகத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் தோட்டச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி மெதுவாக வந்தால் கைகாட்டி ஏறிக்கொள்ளலாம். விரட்டிக்கொண்டு வந்தால் நமக்குப் புழுதிதான் மிச்சம்.

எக்ஸ்-கதிர் வீசும் வேலா எக்ஸ்-1 என்ற இரட்டை விண்மீன் இதற்கு நல்ல உதாரணம். எச்டி 77581 என்ற நீல மீப்பெரு விண்மீனை ஒரு நியூட்ரான் விண்மீன் ஏறக்குறைய 9 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. பெரியவருக்குச் சூரியனைப் போல் 20 மடங்குக்கு மேல் எடை. ஆண்டுக்குச் சூரிய எடையில் சுமார் மில்லியனில் ஒரு பங்கைக் காற்றாக ஊதித் தள்ளுகிறார். நம் சூரியன் ஊதுவது அதில் கோடியில் ஒரு பங்குகூட வராது.

காற்று விநாடிக்கு 700 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நியூட்ரான் விண்மீனைச் சுற்றிச் சுமார் ஒரு மில்லியன் கி.மீ. ஆரத்துக்குள் வருவதுதான் சிக்கும். இரண்டுக்கும் இடைவெளியோ 35 மில்லியன் கி.மீ.க்கு மேல். ஆகவே வாயில் விழுவது மொத்தக் காற்றில் பத்தாயிரத்தில் சில பங்கு, அவ்வளவுதான். அந்தத் துளி விழுந்தே, சூரியனின் மொத்த ஒளியைப் போல் ஆயிரம் மடங்கு ஆற்றல் எக்ஸ்-கதிராகக் கொட்டுகிறது! நியூட்ரான் விண்மீன் சுழல்வதால் அது சுமார் 283 விநாடிக்கு ஒரு துடிப்பாக வருகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். அந்தக் காற்றைத் தள்ளுவதே பெரிய விண்மீனின் ஒளிதான். இரும்பு, கார்பன் போன்றவற்றின் அயனிகள், அதாவது சில எலக்ட்ரான்களை இழந்த அணுக்கள், குறிப்பிட்ட நிற ஒளியை உறிஞ்சி, அதன் உந்துதலில் ஓடுகின்றன. எக்ஸ்-கதிர் பட்டதும் அந்த அயனிகள் இன்னும் பல எலக்ட்ரான்களை இழந்துவிடும். அப்புறம் ஒளிக்குப் பிடிமானம் குறைகிறது, காற்றின் வேகமும் தளர்கிறது. வேகம் பாதியானால் பிடிக்கும் ஆரம் நான்கு மடங்கு. ஆக, சாப்பிடச் சாப்பிட நியூட்ரான் விண்மீன் தன் சாப்பாடான காற்றைத் தானே வேகம் குறைத்து, இன்னும் அதிகமாகப் பிடித்துக்கொள்கிறது.

இந்தக் காற்று சீராக வீசுவதும் இல்லை, திட்டுத்திட்டாக வருகிறது. அடர்ந்த திட்டு சிக்கினால் எக்ஸ்-கதிர் சட்டென்று எகிறும், சில நேரம் திடீரென்று மங்கியும் போகும். பாடநூல் படத்தில் அழகான ஒரே ஓடையாக வரைந்திருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

பெரிய விண்மீனை நீங்களே பார்க்கலாம். வெறும் கண்ணுக்கு எட்டாது, பைனாகுலர் போதும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கம் ஆலை விளக்கு தெற்கு வானத்தைக் கெடுப்பதால், நான் தமிழ்ப்பள்ளித் திடலுக்குப் போய்விடுவேன். ஏப்ரல் நடுவில், இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே பாதி உயரத்தில், வேலா விண்மீன் கூட்டத்தில் உள்ள சுஹைல் விண்மீனைப் பிடியுங்கள். அதற்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறது.