வாசகர் கேட்டவை: காருக்குள் இரும்புக் கூண்டு போடலாமா?

போன மாதம் ராலி கார்களைப் பற்றி எழுதியதிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ரோல் கேஜ் பற்றித்தான், அதாவது கார் கவிழ்ந்தாலும் கூரை நசுங்காமல் தாங்க உள்ளே போடும் இரும்புக் குழாய்க் கூண்டு. மைலேஜ், கிளட்ச் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு. இந்த முறை கூண்டு மட்டும்.

கேள்வி: வாரக் கடைசியில் வால்பாறைப் பக்கம் மலைப்பாதையில் நிறைய ஓட்டுகிறவன் நான். ஏழு வருடப் பழைய ஹேட்ச்பேக் கார். ராலி கார் நாலு உருட்டு உருண்டாலும் ஓட்டியவர் எழுந்து நடந்து வருகிறாரே, அது மாதிரி ஒரு கூண்டை என் காரிலும் போட்டால் குடும்பத்துக்குப் பாதுகாப்புத்தானே? கோவையில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்து தருகிறேன் என்கிறார்கள். வீட்டில் அம்மா, மனைவி, நாலு வயதுப் பையன். (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: போடாதீர்கள் தம்பி. அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அது போனாலும் பரவாயில்லை.

அந்த ராலி ஓட்டுநர் எழுந்து நடந்ததற்குக் கூண்டு ஒரு காரணம், அவ்வளவுதான். அவர் தலையில் ஹெல்மெட் இருந்தது, ஹெல்மெட்டோடு கோர்த்து கழுத்து உடையாமல் பிடிக்கும் ஹான்ஸ் கருவி தோளில் இருந்தது, ஆறு முனை பெல்ட் அவரை சீட்டோடு சீட்டாகக் கட்டியிருந்தது, அந்த சீட்டும் விலாவையும் தோளையும் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பக்கெட் சீட். இதில் எதை எடுத்தாலும் மற்றது சரியாக வேலை செய்யாது. பட்டறையில் உங்களுக்குத் தருவதாகச் சொல்வது கூண்டை மட்டும்.

சில வருடங்களுக்கு முன் கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு ராலி காரின் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து இரண்டு சுற்று போனேன். பெல்ட்டை மூச்சு முட்டும் அளவுக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள், அசைய முடியவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தால் இடப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு நீலக் கோடு. கூண்டுக் குழாயில் ஸ்பாஞ்ச் சுற்றாமல் விட்ட ஓர் இடத்தின் பெயின்ட் அது. விபத்து எதுவும் இல்லை. ஒரு வளைவில் கார் சாய்ந்தது, தலை போய்த் தட்டியது, எனக்குத் தெரியக்கூட இல்லை. அது ஹெல்மெட் இல்லாத தலையாக இருந்திருந்தால்?

இப்போது உங்கள் காரில் போய் உட்காருங்கள். காதுக்கும் கதவுக்கு மேலே இருக்கும் சட்டத்துக்கும் நடுவில் கையை விரித்து வைத்துப் பாருங்கள், பெரும்பாலான சின்னக் கார்களில் ஒரு சாண்தான் தேறும். அதில் குழாய் ஒன்றை ஓடவிட்டால் மிச்சம் இன்னும் குறைவு. சாதாரண மூன்று முனை பெல்ட் உங்களை ராலி பெல்ட் மாதிரி கட்டிப் போடாது, கட்டிப் போடவும் கூடாது. மோதும்போது நெஞ்செலும்பு உடையாமலிருக்க நிறைய கார்களில் பெல்ட்டே கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற மாதிரி செய்திருப்பார்கள். அப்போது தலை முன்னாலும் பக்கவாட்டிலும் நன்றாகவே வீசும். காரைச் செய்தவர்கள் அந்த வீச்சைக் கணக்குப் போட்டு, தலை போகும் வழியில் கடினமாக எதுவும் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். அந்த வழியில்தான் நீங்கள் குழாயை நடப் போகிறீர்கள்.

பாதிக் கூண்டு போட்டால் போதுமே, முன் சீட்டுக்குப் பின்னால்தானே வரும் என்று பட்டறையில் சொல்லியிருப்பார்கள். உங்களுக்குப் பின்னால் என்றால் அது அம்மாவுக்கும் பையனுக்கும் நேர் முன்னால். எனக்கு இதுதான் தாங்கவில்லை. திடீரென்று பிரேக் அடித்தால்கூட குழந்தையின் நெற்றி போகிற இடம் அது. பந்தயக் கார்களில் பின் சீட்டையே கழற்றி எறிந்துவிட்டுத்தான் கூண்டு போடுகிறார்கள்.

ஸ்பாஞ்ச் சுற்றிவிடலாம் என்பது அடுத்த சமாதானம். ஏசி பைப்பில் சுற்றும் கறுப்பு ஸ்பாஞ்சை நம் ஊரில் இதற்கும் சுற்றுகிறார்கள், கட்டை விரலால் அழுத்தினால் குழாய் தட்டுப்படும். பந்தயங்களுக்கு விதி எழுதும் எஃப்.ஐ.ஏ. அமைப்பு சொல்லும் பேடிங் வேறு, அது விறைப்பானது. அந்த விதியிலேயே, ஓட்டுபவரின் ஹெல்மெட் படக்கூடிய இடங்களில் அதைப் போடச் சொல்கிறார்கள். தலையில் ஹெல்மெட் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதிய விதி அது.

கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார் என்றால் இன்னும் மோசம். அது கூரை ஓரத்திலிருந்து ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் கண்ணாடி நெடுக விரிந்து இறங்க வேண்டியது, அந்த வழியிலேயே குழாய் நின்றால் எங்கே இறங்கும்?

உங்கள் காரில் கூண்டு இல்லவே இல்லை என்றும் நினைக்காதீர்கள். மெர்சிடிஸில் வேலை பார்த்த பேலா பாரெனி என்ற பொறியாளர் 1950களின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்: நடுவில் ஆட்கள் இருக்கும் அறை உறுதியாக நிற்க வேண்டும், முன்னும் பின்னும் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். இன்றைய கார்களில் அந்தக் கூண்டு தூணுக்குள்ளும் கதவுச் சட்டத்துக்குள்ளும் மறைந்திருக்கிறது. நடுத் தூணில் பல கம்பெனிகள் போடும் சூட்டில் அச்சடித்த எஃகின் வலிமை 1,500 மெகாபாஸ்கல் வரை போகும். எஃப்.ஐ.ஏ. விதியில் கூண்டுக் குழாய்க்குக் கேட்கும் குறைந்தபட்ச வலிமை 350தான். பந்தயக் கூண்டு தடித்த குழாயாலும் முக்கோணம் முக்கோணமாகப் பின்னிய அமைப்பாலும் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுகிறது. பட்டறைக் கூண்டில் அந்தப் பின்னல் கிடையாது, குழாயும் பெரும்பாலும் தண்ணீர் லைனுக்குப் போடும் ஜி.ஐ. பைப்.

வைத்திருக்கும் பணத்தில் முதலில் பையனுக்கு நல்ல சைல்டு சீட் வாங்குங்கள், மடியில் வைத்துக்கொண்டு போவது வேண்டவே வேண்டாம். அப்புறம் நாலு டயர். ஆழியாறிலிருந்து வால்பாறை வரை நாற்பது கொண்டை ஊசி வளைவு, மழை பெய்தால் தேய்ந்த டயரில் அது வேறு ரோடு. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் நீண்ட இறக்கத்தில் கொதித்து பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிவிடும். இறங்கும்போது இரண்டாவது கியரை விடாதீர்கள். பின் சீட்டில் அம்மாவும் பெல்ட் போட வேண்டும். 2022 செப்டம்பரில் பால்கர் பக்கத்தில் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில் பின் சீட்டில் இருந்தவர்கள் பெல்ட் போட்டிருக்கவில்லை என்றுதான் போலீஸ் சொன்னது. அடுத்த கார் வாங்கும்போது இ.எஸ்.சி. இருக்கிறதா என்று பாருங்கள். உருண்ட பிறகு காப்பாற்றுவதைவிட, சறுக்கிப் போய் உருளாமலே பிடித்து நிறுத்துகிற சாதனம் அது.

கேள்வி: எஸ்டேட் வேலைக்கு ஒரு பழைய ஜீப் வைத்திருக்கிறேன், மேலே வெறும் கேன்வாஸ் படுதா. இதற்கும் கூண்டு வேண்டாமா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: உங்கள் கதை வேறு. தலைக்கு மேல் இரும்பே இல்லாத வண்டி கவிழ்ந்தால் மண்டையும் முதுகெலும்பும்தான் வண்டியைத் தாங்கும். கூரை இல்லாத வண்டிக்கு வளைவுக் கம்பி வேண்டும் என்பது கார் செய்பவர்களுக்கும் தெரியும். மெர்சிடிஸ் 1989இல் விட்ட எஸ்.எல். காரில் கவிழப் போவதை உணர்ந்ததும் 0.3 நொடியில் பின்னாலிருந்து எழுந்து நிற்கும் கம்பி இருந்தது. 2020இல் வந்த மஹிந்திராவின் புதிய தார் ஜீப் கம்பெனியிலிருந்தே கூண்டோடு வருகிறது, அந்த ஆண்டே குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நாலு நட்சத்திரம் வாங்கியது. அந்தக் கூண்டையும் சேர்த்தே பெல்ட்டையும் சீட்டையும் வடிவமைத்திருப்பார்கள், அதனால் அதை வெட்டுவதோ அதன் மேல் இன்னொரு குழாய் ஒட்டுவதோ கூடாது.

பழைய ஜீப்புக்கு என்றால் பந்தயக் கூண்டு செய்து பழகிய ஆளிடம் மட்டும் போங்கள். எஃப்.ஐ.ஏ. விதிப்படி முக்கிய வளைவுக்கு மூட்டில்லாத எஃகுக் குழாய், 45 மி.மீ. விட்டத்துக்கு 2.5 மி.மீ. கனம், அல்லது 50க்கு 2 மி.மீ. இதைச் சொல்லிக் கேளுங்கள், முழித்தால் திரும்பி வந்துவிடுங்கள். வளைத்த இடத்தில் குழாய் நசுங்கியோ சுருக்கம் விழுந்தோ இருந்தால் அது அங்கேதான் மடங்கும். அதைவிட முக்கியம் கால் ஊன்றும் இடம். தரைத் தகடு மெல்லியது, அதன் மேல் நேராகக் குழாயை நிறுத்தினால் கவிழும்போது முறுக்கு மாவில் விரலை விட்ட மாதிரி பொத்துக்கொண்டு இறங்கும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் 3 மி.மீ. தகடு, குறைந்தது 120 சதுர செ.மீ. பரப்பில், மூன்று போல்ட்டாவது வேண்டும். துருப்பிடித்த தரை என்றால் முதலில் தரையைச் சரிசெய்யுங்கள்.

பெல்ட் இல்லாமல் அந்தக் கூண்டுக்குள் உட்காராதீர்கள். வெளியே வீசப்பட்டு, கூண்டே மேலே விழுந்து செத்தவர்கள் உண்டு.

கேள்வி: சட்டப்படி போடலாமா? ஆர்.டி.ஓ.விடம் எழுதி வாங்கினால் சரியா? (மதுரை வாசகர்)

பதில்: கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட சேர்ந்து வரலாம். முன்னால் மாட்டும் புல் பாருக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியதும் இதே பிரிவைக் காட்டித்தான். பிரேக் இன்ஸ்பெக்டரிடம் முதலில் பேசுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி கிளெய்மை மறுத்துவிட்டால் அலைவது நீங்கள்தான். பந்தயத்துக்கு மட்டும் என்றால் அந்த வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

கேள்வி: கூண்டு வேண்டாம், சரி. நாலு முனை பெல்ட் மட்டும் போட்டால்? (தாம்பரம் வாசகர்)

பதில்: அதுவும் வேண்டாம். நாலு முனை பெல்ட்டில் இரண்டு தோள் பட்டையும் இடுப்புப் பட்டையின் நடு பக்கிளை மேலே இழுக்கும். கவட்டைப் பட்டை இல்லாததால் மோதும்போது இடுப்புப் பட்டை எலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறி, உடம்பு அடியில் நழுவும். குடல், கல்லீரல் கிழிவது இப்படித்தான். அதோடு தோள் இறுகக் கட்டுண்டிருக்க, தலை மட்டும் தனியாக முன்னால் போகும். 2001இல் டேடோனா பந்தயத்தில் அமெரிக்க ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து. அதன் பிறகுதான் அவர் ஓட்டிய நாஸ்கார் பந்தயங்களில் கழுத்துக் காப்புக் கருவி கட்டாயமானது. 1959இல் வால்வோவின் நில்ஸ் போலின் செய்த மூன்று முனை பெல்ட்டை முறுக்கு விழாமல், இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் போடுங்கள், போதும்.

கேள்வி: போர்ஷே கம்பெனியே கூண்டு போட்ட காரை ரோட்டில் ஓட்ட விற்கிறதே? (கோவை வாசகர்)

பதில்: 911 ஜிடி3யின் கிளப்ஸ்போர்ட் பேக்கேஜைச் சொல்கிறீர்கள். அதில் பின் சீட்டே கிடையாது, கூண்டு முன் சீட்டுக்குப் பின்னால் மட்டும் நிற்கும், முன்னால் இருப்பவர்களின் தலைக்குப் பக்கத்தில் குழாய் வராது, கூடவே ஆறு முனை பெல்ட்டும் தீயணைப்பானும் தருகிறார்கள். அதைப் பார்த்து ஐந்து பேர் போகும் காருக்குப் போட முடியாது.

கேள்வி: தலைப்புக்கு வெளியே போகிறேனோ தெரியவில்லை. எங்கள் டிராக்டருக்கு மேலே ஒரு வளைவுக் கம்பி போட்டுக்கொள்ளச் சொல்கிறான் என் மகன். கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) போட்டு சேற்றுழவு அடிக்கிற வண்டி. அவசியமா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: ஐயா, இந்த முறை வந்ததிலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட கடிதம் உங்களுடையது. மகன் சொல்வதைக் கேளுங்கள். இந்தக் கம்பி உண்மையாகவே உயிரைக் காக்கிற இடம் டிராக்டர்தான். சுவீடனில் 1959லேயே புது டிராக்டருக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள், பின்னாளில் டிராக்டர் கவிழ்ந்து சாவது அங்கே அரிதாகிப்போனது.

சேற்றில் மாட்டினால் பின் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் கட்டி வெளியேறும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. அதை நிறுத்துங்கள். சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால் இன்ஜின் வண்டியையே சுற்றும், முன்பக்கம் குதிரை மாதிரி எழும்பி ஒன்றரை நொடியில் பின்னால் கவிழ்ந்துவிடும், கிளட்சை மிதிக்க நேரம் இருக்காது. ரிவர்ஸில் வர முடிந்தால் வாருங்கள், இல்லையென்றால் இன்னொரு வண்டியை வைத்து இழுங்கள். இழுக்கும் சங்கிலியை மேல் லிங்க்கில் மாட்டாமல் கீழே இழுவைக்கென்றே இருக்கும் டிராபாரில் மாட்ட வேண்டும், மேலே மாட்டினால் அதுவும் கவிழ்க்கும்.

கம்பியைப் பட்டறையில் செய்ய வேண்டாம். உங்கள் மாடலுக்கு அந்த டிராக்டர் கம்பெனி சோதித்து விற்கும் கம்பி கிடைக்கிறதா என்று டீலரிடம் கேளுங்கள், பின் ஆக்சில் ஹவுசிங்கில் போல்ட் போட்டு நிற்கும். கம்பி இருந்தால் பெல்ட்டைக் கட்டாயம் போட வேண்டும், கம்பி இல்லாத டிராக்டரில் போடவே கூடாது. மடக்கும் வகை என்றால் தென்னந்தோப்புக்குள் மட்டை இடிக்கிறதென்று மடக்குவீர்கள், சரி, வெளியே வந்ததும் நிமிர்த்தி, பூட்டும் பின்னை (ஆணியை) மாட்டுங்கள். அந்தப் பின் தொலையாமல் இருக்கச் சின்னச் சங்கிலி போட்டு வண்டியோடு கட்டிவிடச் சொல்லுங்கள் மகனை.