14 பேர் வேலை செய்யும் கால் சென்டர்: பிடித்த பி.எஃப். பணம் எங்கே?

உங்கள் கால் சென்டரில் சம்பளத்திலிருந்து பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) என்று பிடித்த பணம் எங்கே போனது என்று கேட்டிருக்கிறீர்கள். பிடித்த பணத்தை முதலாளி வைத்துக்கொள்ள முடியாது. "14 பேர்தானே, பி.எஃப். கட்டாயமில்லை" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 20 பேருக்குக் கீழ் என்றால் கட்டாயமில்லை என்பது சரிதான். அப்படியென்றால், நிறுவனத்தை பி.எஃப்.பில் பதிவு செய்யாமல் சம்பளத்தில் மாதாமாதம் 12 சதவீதம் பிடித்திருக்கவே கூடாது.

அநேகமாக நிறுவனத்தைப் பதிவே செய்திருக்க மாட்டார்கள். சிறிய கால் சென்டர்களில் வாடிக்கையாளர் நிறுவனம் தர வேண்டிய பில் பணம் வரத் தாமதமானால் முதலில் கைவைப்பது இந்த பி.எஃப். பணத்தில்தான். நானும் இப்படி ஓர் இடத்தில் எட்டு மாதம் ஏமாந்தேன், அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

சம்பளச் சீட்டில் யு.ஏ.என். எண் (உங்கள் பி.எஃப். கணக்குக்கான எண்) இருக்கிறதா? இருந்தால் அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து மாதவாரியாகப் பாருங்கள். எண்ணே இல்லையென்றால் சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் நகலெடுத்து வீட்டில் வையுங்கள். அப்புறம் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பதில் வராவிட்டால் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

ஒரு மாதத் தொகையை முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டினால் போதும். கடைசி மாத வரவு மட்டும் காணோமென்றால் இப்போதே சண்டைக்குப் போகாதீர்கள்.